ஐந்தாம் வார்த்தை

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

இல்லை மேடம், தூங்குகிறேன், சாப்பிடுகிறேன், நீங்கள் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் போடுகிறேன். போனில் "நல்லா இருக்கேன்" என்று சொன்னது பொய் இல்லை. அப்புறம் "பயமா இருக்கா கிதியோன்?" என்று கேட்டீர்களே, அதற்குத்தான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் நினைக்கிற பயம் இல்லை. என்னை நினைத்து இல்லை. அம்மாவை நினைத்து.

தோன்றுவதைத் தினமும் எழுது என்றீர்கள். எழுதுகிறேன். காலேஜில் எழுத வேண்டியதை எழுதாமல் ஓடிவந்தவனுக்கு இப்படி ஒரு தண்டனை.

இன்று காலை தெருவெல்லாம் ஓசன்னா. அம்மா கையில் ஓலையோடு பவனியில் முன்வரிசை. கோயிலுக்குள் எல்லாரும் போனதும் நான் வழக்கம்போல வெளியே, வாகை மரத்தடியில், பைக் மேல். போன ஆகஸ்டிலிருந்து அதுதான் என் இடம். ஆகஸ்டில் நான் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம் எனக்காக மைக்கில் ஜெபித்தார்கள். பெயர் சொல்லி, நடந்ததைச் சொல்லி. ஊருக்கே தெரிந்தது. அன்றைக்கு எழுந்து வெளியே வந்தவன்தான்.

ஐயர் என்னைப் பார்த்தால் சிரிப்பார். (எங்கள் பக்கத்தில் சபைப் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) ஐயரம்மா "உள்ள வாயேன் தம்பி" என்பார். பக்கத்து வீட்டுப் பியூலா சித்தி கையைப் பிடித்தே இழுப்பாள். அம்மா மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆராதனை முடிந்து வரும்போது அவள் முகத்தில் ஒரே வெளிச்சம். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை எங்கள் கோயிலில் மும்மணி ஆராதனை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் எடுத்துப் பேசுவார்கள். ஐந்தாம் வார்த்தை அம்மாவுக்கு வந்திருக்கிறது. "தாகமாயிருக்கிறேன்."

"ஏழுலயே சின்னது அதுதானம்மா. ஒத்தச் சொல்ல வச்சு பத்து நிமிஷம் என்னத்தப் பேசுவ?"

"நீ ஒரு சொல்லும் பேசாம நாள் பூரா ஸ்டான்லி கடைல இருக்கேல்லா? அப்படித்தான்."

சிரித்தாள். ஆனால் படியேறும்போது நிலையைப் பிடித்துக்கொண்டாள். சுகர்க்காரி. லெந்து, அந்த நாற்பது நாள் நோன்பு, தொடங்கியதிலிருந்து ஒரு வேளைதான் சாப்பாடு. சத்துணவுக் கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப் போட்டுவிட்டு வந்து, சாயங்காலம் ஒரு தட்டுக் கஞ்சி.


ஏப்ரல் 14, திங்கள்

கூட்டாளி ஸ்டான்லியின் பஞ்சர் கடையில் இரண்டு பஞ்சர் ஒட்டினேன், ஒரு செயின் மாற்றினேன். அம்மா கஞ்சியில் பாதியை வைத்துவிட்டாள். நான் குடித்தேன். உப்பே இல்லை.


ஏப்ரல் 15, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்தது. ஆறு குடத்தையும் நான்தான் பிடித்தேன். பின்வாசலில் குடத்தை இறக்கும்போது உள்ளே அம்மாவும் பியூலா சித்தியும் பேசுவது கேட்டது. சித்திதான் எங்கள் தெருப் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குத் தலைவி.

"அக்கா, எஸ்தர் உபவாசம்னா வெளையாட்டு இல்ல. மூணு நாளு. பச்சத் தண்ணி பல்லுல படக் கூடாது."

"தெரியும்ட்டி. நாளைக்கு ராத்திரி தொடங்கி சனி ராத்திரி வரைக்கும்."

"மாத்திர?"

"மாத்திரைய முழுங்கத் தண்ணி வேணும்லா."

"அதுஞ் சரிதான். ஆண்டவரு பாத்துக்கிடுவாரு. எதுக்குன்னு பொருத்தன வச்சிருக்கீய?"

நேர்ச்சை என்னவென்று அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவன்" என்று ஒன்று மட்டும் காதில் விழுந்தது. அப்புறம் சித்தி மூக்கைச் சிந்துகிற சத்தம்.

என்ன கேட்கிறாள் என்று தெரியவில்லை. எனக்காகத்தான் என்று தெரியும். எங்கள் வீட்டில் வேறு "அவன்" கிடையாது. அப்பா நான் ஏழாவது படிக்கும்போதே போய்விட்டார்.

மேடம், என் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. நான் ஹாஸ்டலிலிருந்து வந்த அன்றைக்கே அம்மா ஸ்க்ரூ டிரைவர் வாங்கிவந்து கழற்றிவிட்டாள். அவளுக்கு ஸ்க்ரூ எந்தப் பக்கம் திருகுவது என்றுகூடத் தெரியாது. மரமெல்லாம் பெயர்ந்து கிடக்கிறது. அந்த ஓட்டையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இன்று கோபம் வரவில்லை. அதில் விரல் வைத்துப் பார்த்தேன்.


ஏப்ரல் 16, புதன்

சண்டை போட்டேன்.

"நீ செத்துப் போனா நான் என்னம்மா செய்ய?"

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஹாஸ்டலில் நான் செய்துகொள்ளப் பார்த்ததற்கு அப்புறம், அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"அதத்தாம்லே நானும் அவருட்டக் கேக்கேன்" என்றாள். மறுபடி புடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

நேரே ஐயர் வீட்டுக்குப் போனேன். காம்பவுண்டுக்குள் போகவில்லை, கேட்டில் நின்று கூப்பிட்டேன். லுங்கியோடு வெளியே வந்தார். கேட்டதும் உடனே கூடவே வந்தார். திட்டவில்லை, வேத வசனம் சொல்லவில்லை.

"கனகமணியக்கா, சுகர் உள்ளவங்க தண்ணி குடிக்கணும், மாத்திர போடணும். கர்த்தர் ஒங்க கிட்னியவா கேட்டாரு?"

"சரிங்கையா."

"குடிப்பீங்கல்லா?"

"சரிங்கையா."

ஐயர் போனதும் நான் கேட்டேன், "ஐயருட்டப் பொய் சொல்லுதியேம்மா?"

"குடிக்கேன்னு சொன்னனா? சரின்னுதான் சொன்னேன். அவாள் சொல்லுதது சரிதான."

இவளிடம் யார் ஜெயிக்க முடியும். இட்லி அவித்துத் தின்றாள், இரண்டு செம்புத் தண்ணீர் குடித்தாள், வாயைத் துடைத்தாள், செம்பைக் கவிழ்த்தாள். டங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், தொடங்கிவிட்டது.


ஏப்ரல் 17, பெரிய வியாழன்

வெயில் தார் ரோட்டில் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. அம்மா சத்துணவுக் கூடத்துக்குப் போனாள், ஆக்கினாள், பிள்ளைகளுக்குப் போட்டாள், வந்தாள். உதடு வெடித்திருக்கிறது. வாய் கொப்பளித்துத் துப்புகிறாள். ஒரு சொட்டாவது உள்ளே போகாதா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. அவ்வளவு கவனம்.

ஸ்டான்லி ஒரு கேன் பதனி கொண்டுவந்தான். அம்மாவுக்குப் பதனி என்றால் உயிர், சுகர் வந்தபிறகு விட்டுவிட்டாள்.

"வாசம் புடிச்சாலாவது மனசு மாறும்லே" என்றான்.

அம்மா கேனைத் திறந்து முகர்ந்தாள். "நல்ல பதனி. சுண்ணாம்பு அளவாப் போட்டுருக்கான்" என்றாள். மூடி அவன் கையிலேயே கொடுத்தாள். "ஞாயித்துக்கெழம கொண்டாய்யா."

"ஞாயித்துக்கெழம புளிச்சுரும்த்தே."

"அப்பம் புதுசு கொண்டா. காலைல அவரே புதுசா எந்திரிக்காரு, பதனி எந்திரிக்காதா?"

ஸ்டான்லி விழுந்து விழுந்து சிரித்தான். வெளியே வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏல, நெசமாவே பயமா இருக்குலே. கண்ணு உள்ள போயிட்டு" என்றான். அவன் பயந்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. அதுவரை நான் மட்டும்தான் பைத்தியம் என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலத் திருவிருந்துக்குக் கோயிலுக்குப் போனாள். அப்பமும் திராட்சரசமும் வாங்கும்போது அந்த ஒரு துளி ரசமாவது போகுமே என்று நினைத்தேன். வந்ததும் கேட்டேன். அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டாளாம்.

படுத்தபிறகு அவள் அறை வாசலில் நின்று மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். கொஞ்சம் கழித்து மறுபடி. மூன்றாம் தடவை நிற்கும்போதுதான் உறைத்தது. ஆகஸ்டில் வந்த புதிதில் ராத்திரி முழிப்பு வரும்போது என் வாசலில் ஒரு நிழல் நிற்கும். சேலை அசையும். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குவது மாதிரி நடிப்பேன். அவள் எண்ணிக்கொண்டிருந்தது என் மூச்சைத்தான்.

நான் ஜெபிக்கிற ஆள் இல்லை. இன்று ஒன்று சொன்னேன். அதை எழுத மாட்டேன்.


ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தா. மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும். வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காலையில் அம்மா எழுந்ததே பிந்தி. வெள்ளைச் சேலையைக் கட்ட இரண்டு தடவை முயன்றாள், கொசுவம் நிற்கவில்லை. பியூலா சித்தி வந்து கட்டிவிட்டாள். "போகாண்டாம்மா" என்றேன். "அஞ்சாம் வார்த்தைய யாருலே பேசுவா, நீயா?" என்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டு சொல் குழறியது. பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுபோனேன். வழி முழுக்க அவள் நெற்றி என் முதுகில் சாய்ந்திருந்தது. சட்டைக்குள்ளே சுட்டது.

உள்ளே போனாள். நான் வாகை மரத்தடி. ஆராதனை முடிந்ததும் சபைக்குக் கஞ்சி ஊற்றுவது வழக்கம். பக்கத்திலேயே கஞ்சிப் பந்தலும் அண்டாவும் தண்ணீர்க் குடங்களும் இருந்தன. ஒலிபெருக்கி என் தலைக்கு மேலே. நான்காம் வார்த்தையைப் பேசியவர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். இழுத்தார், இழுத்தார், நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அம்மா.

"ஐந்தாம் வார்த்தை. தாகமாயிருக்கிறேன்." குரல் மணல் மாதிரி இருந்தது. "கடல உண்டாக்குனவரு. மழைய அனுப்புனவரு. அவருக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆளில்ல. அம்மா பக்கத்துல நிக்கா. அவ கையில ஒண்ணுமில்ல."

நிறுத்தினாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் மைக்கில்.

"தாகமாயிருக்கிறேன்" என்றாள் மறுபடி.

யாரோ ஆமென் என்றார்கள்.

மறுபடி ஒன்றுமில்லை. ரொம்ப நேரம். பிறகு மெதுவாக, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது மாதிரி: "தவிக்கி."

உள்ளே ஒரு பெண் விம்மினாள். பியூலா சித்தியின் குரல், "ஸ்தோத்திரம் ஆண்டவரே." அடுத்தடுத்து "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்." என்னோடு மரத்தடியில் நின்ற ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னமா எறங்கிப் பேசுதா பாருங்க. நம்ம பேச்சுலயே ஆண்டவரப் பேச வைக்கா" என்றார்.

எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. அதுதான் பயங்கரம். நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

"தண்ணி தவிக்கிலே."

லே.

வேதத்தில் லே கிடையாது. சிலுவையில் தொங்குகிறவர் பிதாவைப் பார்த்து லே போட மாட்டார். அந்த லே நான்தான். இந்த உலகத்தில் அவள் அப்படிக் கூப்பிடுகிற ஒரே ஆள்.

பந்தலில் கிடந்த செம்பைக் குடத்தில் முக்கினேன். ஓடினேன். வாசல் எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. நடுவழி முழுக்கத் தண்ணீர் தளும்பியது. இரண்டு பக்கமும் தலைகள் திரும்பின. "ஏய், செருப்பு, செருப்பு!" என்று யாரோ அதட்டினார்கள். பியூலா சித்தி எழுந்து என் கையைப் பிடித்தாள். "லே, பொருத்தனைலே அது. நாளைக்கு ராத்திரி வரைக்கும் இருக்குலே!"

"சித்தி, அவ பேசல. கேக்கா!"

சித்தியின் முகம் மாறியதைப் பார்த்தேன். பிடியை விட்டுவிட்டாள்.

அம்மா ஆல்டர் பீடத்துக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. செம்பை வாயில் வைத்தேன். உதட்டை மூடிக்கொண்டாள்.

"யம்மா, குடி."

"கிதியா?"

"ஆமா. குடிம்மா."

"எங்கலே நிக்க?"

"இங்கதாம்மா. குடி."

"எங்கன்னு சொல்லு."

மைக் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் கேட்டிருக்கும். "கோயிலுக்குள்ளம்மா. ஆல்டர் பக்கத்துல. ஒம் பக்கத்துல நிக்கேன்."

அப்போது வாயைத் திறந்தாள். செம்பு முழுவதையும் குடித்தாள். பாதி சேலையில் போனது. அப்படியே என்மேல் சரிந்தாள். அவ்வளவு கனம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றுவிட்டது, கனமே இல்லை.

ஐயர் அங்கியோடு ஓடிவந்து அவர் காரிலேயே ஏற்றினார். சித்தி பின்சீட்டில் அம்மாவின் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். சுகர் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, உடம்பில் தண்ணீரே இல்லை என்றார் டாக்டர். சுகர் இப்படி ஏறினால் இடம், ஆள் ஒன்றும் தெரியாதாம். அதனால்தான் எங்கே நிற்கிறாய் என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கு இடம் தெரியவில்லை. அவ்வளவுதான்.

இரண்டு கையிலும் ஊசி. இன்னும் கண் திறக்கவில்லை.


ஏப்ரல் 19, சனி

வெறும் சனி. இன்றைக்கு எந்த ஆராதனையும் இல்லை, எந்த வார்த்தையும் இல்லை. கல்லறை நாள். இத்தனை வருஷத்தில் இந்தச் சனிக்கிழமையை நான் கவனித்ததே இல்லை. சீடர்களெல்லாம் எங்கே இருந்தார்கள் இன்றைக்கு? கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று அம்மா ஞாயிறு பள்ளியில் சொல்லியிருக்கிறாள். பூட்டுவதற்கு அவர்களுக்காவது தாழ்ப்பாள் இருந்தது.

மத்தியானம்வரை அவள் விழிக்கவில்லை. ஒவ்வொரு தடவை நர்ஸ் வேகமாக நடக்கும்போதும் எழுந்து நின்றேன்.

பியூலா சித்தி கஞ்சி கொண்டுவந்தாள். எனக்கு. என் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினாள்.

"நாந்தாம்லே அவள ஏத்திவிட்டேன். பெலன் குடுப்பாரு, பெலன் குடுப்பாருன்னு."

"நீங்க சொல்லாட்டாலும் இருந்துருப்பா சித்தி."

"மூணு நாளுக்குக் கேட்டா. ரெண்டு நாளுலயே குடுத்துட்டாரு" என்றாள். அப்புறம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"என்னத்தக் குடுத்தாரு?"

"கஞ்சியக் குடி, ஆறிரும்" என்று போய்விட்டாள்.

ஐயர் சாயங்காலம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே என் வலது கால் செருப்பு. ஓடும்போது எங்கேயோ கழன்றிருக்கிறது, நேற்றிலிருந்து நான் ஒற்றைச் செருப்போடு திரிந்திருக்கிறேன், கவனிக்கவே இல்லை.

"ஆல்டர் படில கெடந்துச்சு தம்பி. காணிக்கையா, இல்ல திருப்பிக் குடுக்கணுமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாக முடியவில்லை. ஐயர் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகில் கை வைத்திருந்தார். போகும்போது, "ஆகஸ்ட்ல மைக்ல ஒன் பேரச் சொன்னது தப்பு தம்பி. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி மூடிக்கொண்டாள். ஆனால் பார்த்தாள்.


ஏப்ரல் 20, ஞாயிறு

வெளுத்துக்கொண்டு வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஏதோ ஒரு கோயிலில் மணி அடிக்கிறார்கள், நிறுத்தாமல். எழுந்துவிட்டார், எழுந்துவிட்டார் என்று ஒலிபெருக்கியில் கத்துகிறார்கள். பக்கத்துக் கட்டில் பாட்டையா, "யாரு எந்திரிச்சா?" என்று நர்ஸிடம் கேட்கிறார்.

டாக்டர் இன்னும் சிரிக்கவில்லை. கிட்னி ரிசல்ட் நாளைக்குத்தான் வரும். அது எப்படியும் இருக்கலாம் என்றார். அதனால் பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன் மேடம். போகவில்லை. என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இது எனக்குப் பழகிய பழைய பயம் இல்லை. அந்தப் பயம் வந்தால் எங்காவது போய்விடலாம் என்று இருக்கும். இந்தப் பயம் எழுந்து போக விடமாட்டேன் என்கிறது.

சற்று முன் அம்மா பேசினாள். நாக்கு இன்னும் கனம்தான்.

"கோயிலுக்குப் போகலையாலே?"

எட்டு மாதத்தில் முதல் தடவை கேட்கிறாள்.

"அதான் போனன்லா. செருப்போட."

"ம்." கண்ணை மூடிக்கொண்டாள். சிரித்த மாதிரி இருந்தது. "செருப்புக் கெடக்கட்டு."

அப்புறம், "தாழ்ப்பாள் அலமாரில இருக்கி. துணிக்கு அடில. எடுத்துப் போட்டுக்கிடு" என்றாள்.

"வேண்டாம்மா" என்றேன். யோசிக்காமல் வந்தது. சொன்னபிறகு யோசித்துப் பார்த்தேன். வேண்டாம்தான்.

ஸ்டான்லி போன் பண்ணினான், பதனி கேனோடு பஸ் ஏறிவிட்டானாம். அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கழுத்தைப் பிடிப்பார். முகரவாவது முகரட்டும். இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும், அந்த வியாழக்கிழமை நான் என்ன ஜெபித்தேன் என்று எழுதவில்லை அல்லவா, அது

கூப்பிடுகிறாள்.

"லே... தண்ணி தவிக்கி."

போகணும்.